தரையில் ஒரு சொட்டுகூட இல்லை!

பொள்ளாச்சியில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற வாத்தியாருக்குத் தினமும் காலையில் ஒரு வேலை உண்டு. வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன்பு கார் பானெட்டைத் திறப்பார். கூலன்ட் டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருக்கும். அரை டம்ளர் போர்வெல் தண்ணீரை ஊற்றிவிட்டு, குனிந்து காருக்கு அடியில் பார்ப்பார். தரை காய்ந்து கிடக்கும். 'லீக் எதுவும் இல்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சத்தமில்லாமல் பானெட்டை மூடிவிடுவார்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "15 வருஷ வண்டிப்பா, கொடுத்துடலாம்" என்று மகன் ஏற்கெனவே இரண்டு முறை சொல்லிவிட்டான். தண்ணீர் குறைவது தெரிந்தால், மூன்றாவது முறை சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். விற்றேவிடுவான்.

மே மாத விடுமுறையில் மனைவி, மகள், ஆறு வயதுப் பேத்தியோடு வால்பாறைக்குக் கிளம்பினார். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியில் நான்கு பேர், ஏசி வேறு. ஆறாவது வளைவில் வெப்பநிலை முள் நடுவிலிருந்து மேலே நகர ஆரம்பித்தது. அவர் பார்த்தார். பேசவில்லை. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனை வரை போய்விட்டால், போட்டோ எடுக்கிற சாக்கில் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

எட்டாவது வளைவில் தித்திப்பாக ஒரு வாசம் வந்தது. "அப்புச்சி, யாரோ பாகு காய்ச்சுறாங்க" என்றாள் பேத்தி. அடுத்த நிமிடம் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது.

ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் பானெட்டைத் தூக்கிவைத்து, துண்டை மடித்து ரேடியேட்டர் மூடிமேல் போட்டார். பேத்தி அவர் இடுப்பருகே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடியைத் தொடாதீங்கய்யா! பாப்பாவைத் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க!"

மேலிருந்து இறங்கி வந்த லாரியின் டிரைவர் கத்திக்கொண்டே குதித்தார். சூடான ரேடியேட்டர் குக்கர் மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் விட்டுப்போய், சட்டெனக் கொதித்து முகத்தில் பீச்சியடிக்கும். டிரைவர் தன் வலது கையைக் காட்டினார். முழங்கை வரை பழைய தழும்பு. "நானும் துண்டைப் போட்டுத்தானுங்க திறந்தேன்."

ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மனைவி மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க, தினமும் காலையில தண்ணி ஊத்துறீங்களே... நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். எல்லா வண்டிக்கும் அப்படித்தான்னு நினைச்சேன்." அவர் பதில் சொல்லவில்லை.

இன்ஜின் நன்றாக ஆறியபிறகு மூடியைத் திறந்தால், இரண்டு லிட்டர் குடிதண்ணீர் உள்ளே போனது. "ஏசி வேண்டாம். கியர்லயே இறங்குங்க, இன்ஜினை அணைச்சுட்டு உருட்டாதீங்க, பிரேக் இறுகிடும். முள் மறுபடி ஏறினா ஹீட்டரை முழுசா வெச்சு, ஜன்னலைத் திறந்துட்டு ஓரங்கட்டுங்க. ஹீட்டர் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கும்" என்று சொல்லிவிட்டு டிரைவர் கிளம்பினார். வால்பாறை பார்க்காமலேயே பொள்ளாச்சி திரும்பினார்கள்.

மறுநாள் வண்டியைப் பார்த்த மெக்கானிக், வாத்தியாரிடம் படித்தவர். முதலில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் மூடியின் அடிப்பக்கத்தையும் பார்த்தார். பால் கலந்த காபி நிறம் இல்லை. சைலன்சரில் விடாத வெள்ளைப் புகையும் இல்லை. "ஹெட் கேஸ்கெட் தப்பிச்ச மாதிரிதான் தெரியுது சார்" என்றார். ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. பிறகு ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். சில நிமிடங்களில் அதன் முள் மெல்ல இறங்கியது. டார்ச் அடித்துத் தேடினால், வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையிலிருந்து ஒரு கோடாகப் பச்சைக் கறை. சீல் போயிருந்தது.

"தரையில ஒரு சொட்டுகூட இல்லையேப்பா?"

"வண்டி ஓடி, உள்ள அழுத்தம் ஏறினாத்தான் சார் இது கசியுது. சூடான இன்ஜின்ல பட்டு ஆவியாயிடும். காலையில பார்த்தா காஞ்சுதான் கிடக்கும். மூடி வெச்ச தண்ணி தினமும் குறையுதுன்னா, எங்கேயோ போகுதுன்னுதான் அர்த்தம். நீங்க ஊத்த ஊத்த, அது வெளியில தெரியாமப் போச்சு."

பழைய தண்ணீரை இறக்கியபோது துருவோடு செம்மண் நிறத்தில் வந்தது. போர்வெல் உப்பின் வேலையும் அதில் இருந்தது. புதுப் பம்ப் மாட்டி, கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்து நிரப்பி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றிக் கொடுத்தார்.

அன்று இரவு வாத்தியாரே மகனுக்கு போன் செய்தார். காலை நேரத்து அரை டம்ளர் தண்ணீரிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மகன் வண்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"பாப்பா எவ்வளவு பக்கத்துலப்பா நின்னா?" என்று மட்டும் கேட்டான்.

அவர் இப்போதும் தினமும் பானெட்டைத் திறக்கிறார். டப்பாவில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். கையில் டம்ளர் இல்லை. அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும். "ஏனுங்க, இன்னிக்கு எப்படி?"

"கோட்டுலயே நிக்குது" என்று பதில் வரும், தெருவுக்கே கேட்கும்படி.