கைகட்டு, வாய்பொத்து

எங்க ஜேடர்பாளையம் பக்கம் கற்பித்தல் பயிற்சிக்கு வர்ற பட்டயப் பயிற்சி மாணவர்கள் பாடக்குறிப்பை முத்து முத்தா எழுதிட்டு வர்றாங்க. ஒண்ணாப்புக்குள்ள நுழைஞ்சதும் வாயில வர்றது "கைகட்டு, வாய்பொத்து"தான். (அவங்க படிச்ச பள்ளிக்கூடம் அப்படி!)

ஆனா இப்போ ஒண்ணாப்பு அப்படி இல்லை. 2022ல அரசுப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல 1 முதல் 3ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை வகுப்பு பார்த்து இல்லீங்க, அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பார்த்துத்தான் பிரிக்கிறோம். டீச்சர் அரும்புகூட உட்கார்ந்திருக்கிறப்போ மலர் என்ன செய்யும்? கையில வேலை இல்லாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். அதுக்குப் பிரம்பு எதுக்கு? துறுதுறுன்னு இருக்கிறவன்கிட்ட பாட அட்டைகளை எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லுங்க. சத்தம் கூடுனா நீங்களும் கத்தாம ஒரு பாட்டைத் தொடங்குங்க, பிள்ளைங்களே சேர்ந்துக்கும்.

பயிற்சி நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் வாரம் பயிற்சி மாணவர்களைப் பாடம் எடுக்கச் சொல்லாதீங்க. தரையில பிள்ளைகளோட உட்கார்ந்து பார்க்க மட்டும் அனுப்புங்க.