அண்ணர் கண்டுபிடித்த வெடிப்பு
1994 பனிக்காலம், ரொறன்ரோ. எங்கள் பழைய கார் சிக்னலில் நின்றால் உதறும். பிரேக்கும் மிதிக்க இறுகியது. கராஜில் "என்ஜின் மாற்றவேணும்" என்றார்கள். அம்மாவைக் கூப்பிடச் சேர்த்த காசுதான் எங்கள் கையிலிருந்தது.

ஊரில் லொறி திருத்திய அண்ணர் ஒருவர் வந்தார். காற்று உள்ளே போகும் மனிபோல்டில் வக்கியூம் கேஜைப் பூட்டினார். டர்போ இல்லாத என்ஜின் காற்றைத் தானே உறிஞ்சவேண்டும். கார் நிற்க என்ஜின் ஓடும்போது, முள் 17க்கும் 21க்கும் இடையில் ஆடாமல் நிற்பதே சுகமென்றார். எங்களுடையது 12.

பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் குறட்டால் நெரித்தார். முள் 18க்கு ஏறியது, உதறலும் நின்றது. குழாயில்தான் வெடிப்பு! புதுக் குழாய்க்குச் சில டொலர்களே முடிந்தன.

என்ஜினை மாற்றுமுன் குழாய்களைப் பாருங்கள், உறவுகளே. எங்கள் அம்மாவின் காசு தப்பியது.