43 ஆண்டுகள் காத்திருந்த கணக்கு

“கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் அகப்படாதுங்குற. அதைப் போயி என்னத்தைத்தான்டா கணக்குப் போடுறாங்க?”

சென்ற விடுமுறையில், கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டே என் தந்தையார் கேட்டார். நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பற்றி நான் பெருமையாகச் சொன்னதன் விளைவு இக்கேள்வி. விடை தெரியாமல் விழித்தேன். கல்லூரி திறந்ததும் நூலகத்தில் தேடினேன்.

இத்துகள் இருக்க வேண்டும் என்று 1930-இல் பவுலி கருதினார். அது அணுக்கருவோடு மோதும் வாய்ப்பை 1934-இல் கணக்கிட்ட பெத்தேயும் பையர்ல்ஸும், அதைக் கண்டறிய நடைமுறையில் வழியில்லை என்றனர். 1956-இல் ரெய்ன்ஸும் கோவனும் கண்டறிந்தே விட்டனர்!

என் உள்ளத்தைக் கவர்ந்தது 1974-இல் டேனியல் ஃபிரீட்மன் போட்ட கணக்கு. ஆற்றல் மிக்க நியூட்ரினோ அணுக்கருவினுள் உள்ள தனித் துகளைத் தாக்கும். ஆற்றல் குறைந்ததன் அலைநீளமோ கருவைவிடப் பெரிது. ஆகவே அது கருவை முழுமையாகத் தொடும். அப்போது நியூட்ரான்களின் பங்குகள் ஒரே தாளத்தில் கூடுகின்றன. மோதும் வாய்ப்பு அவற்றின் எண்ணிக்கைக்கு இருமடியாக உயர்கிறது. சீசியம் அணுக்கருவில் 78 நியூட்ரான்கள் உள்ளன. தனித்தனியே என்றால் 78 மடங்கு. ஒன்றுபட்டால் 6084 மடங்கு! புரோட்டான்களின் பங்கு மிகச் சிறிதே.

கரைவலையும் இப்படித்தானே! ஆளாளுக்கு இழுத்தால் அசையாத வலை, ‘ஏலேலோ’ என்று ஒருசேர இழுத்தால் கரையேறுகிறது.

ஆனால், ஆட்டுக்கல்லில் கோலிக்குண்டு பட்டதுபோல் கரு சிறிதே அசையும். அதை அளக்கும் கருவி அன்று இல்லை. தம் யோசனையை ஆணவம் என்றும் கருதலாம் என ஃபிரீட்மனே எழுதினார். ஆயினும் வெளியிட்டார். 2017-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், 14.6 கிலோ எடையுள்ள சீசியம் அயோடைடு படிகம் அந்த அசைவைக் காட்டியது.

நண்பர்களே! சென்ற பருவத்தில் இயற்பியல் தாளில் நான் தோற்றேன். படிப்பை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன். அவர் கணக்கு சரி, என் கணக்கு தவறு. அந்த வேறுபாடு எனக்குத் தெரியும். எனினும், ஒரு பருவத்திலேயே மனந்தளர்ந்த என்னை நினைத்து நாணினேன்.

பொங்கலுக்கு ஊர் சென்றபோது தந்தையாரிடம் இதைச் சொன்னேன். வலையிலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப அந்த மனுசன் வலையைப் போட்டுட்டு நாப்பத்துமூணு வருசம் கரையிலே நின்னாரா?”

“ஆமாம்ப்பா.”

அந்தத் தாளை மீண்டும் எழுதப் பணம் கட்டிவிட்டேன்.