மரக்காணத்துல பாஸ் பண்ணினாதான் மஸ்கட்!

பைக்ல உலகம் சுத்தணும்னு ஆசை இல்லாத காலேஜ் பசங்க உண்டா? ஹாஸ்டல் ரூம் சுவரைப் பார்த்தாலே தெரியும். அத்தனையும் மலை மாதிரி பெரிய பைக்குங்க! ஆனா, எங்க சீனியர் ஒருத்தர் கிளம்பப்போறது அவங்க அப்பா ஓட்டின ஹீரோ ஹோண்டா சிடி 100-ல. வெறும் 97 சி.சி!

ரூட் இதுதான். மும்பையில வண்டியை கன்டெய்னர்ல ஏத்தி கப்பல்ல துபாய். அங்கேர்ந்து ரோடு வழியா ஓமன். மஸ்கட்டுல இருந்து சலாலா மட்டுமே சுமார் 1,000 கிலோமீட்டர். ஒரு பக்கம் பாலைவன வெயில், இன்னொரு பக்கம் அரபிக்கடல் காத்து.

"அண்ணா, இந்தத் தாத்தா வண்டி தாங்குமா?"

"2009-ல நேத்தன் மில்வர்டுனு ஒருத்தர் சிட்னியில இருந்து லண்டன் வரைக்கும் போனார்டா. ஆஸ்திரேலியாவுல தபால்காரங்க ஓட்டின ஹோண்டா சிடி 110, வெறும் 105 சி.சி. நம்ம இன்ஜினுக்கு அது சொந்தக்காரன் மாதிரி. இன்ஜின் தாங்கும். கழுத்தறுக்கறது பத்து ரூபா போல்ட்டும் ஒயரும்தான். அதை டெஸ்ட் பண்ணத்தான் மரக்காணம் போறேன். வர்றியா?"

லேப்ல படிச்சிருப்போமே, சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட். 35 டிகிரி சூட்டுல 5 சதவிகித உப்புக் கரைசலைப் பனி மாதிரி தெளிச்சு, இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்குதுனு பார்ப்பாங்க. அந்த மெஷின் விலைக்குப் புது பைக்கே வாங்கிடலாம். மரக்காணத்துலயோ அது ஃப்ரீ!

வெள்ளை ஊர்

சென்னையில இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில சுமார் 120 கி.மீ. ஆந்திராவுல ஆரம்பிக்கிற பக்கிங்காம் கால்வாய் வந்து முடியுற ஊர் இது. ஊரை நெருங்கினதும் ரோட்டோரம் கண்ணாடித் துண்டுங்களை அடுக்கின மாதிரி பாத்தி பாத்தியா தண்ணி. நடுவுல வரப்பு, வரப்பு மேல வெள்ளை வெள்ளையா குவியல். வெயில்ல கண் கூசுது.

கடல்தண்ணியில ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பாத்தி பாத்தியா மாத்தி வெயில்ல காயவைக்கிறாங்க. கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கா சுண்டினதும் உப்பு படிய ஆரம்பிக்குது. மிச்சமாகுற கசப்புத் தண்ணியில இருக்குது மெக்னீசியம் குளோரைடு. நம்ம பைக்குக்கு வில்லனே இவர்தான்! காத்துல கொஞ்சம் ஈரம் இருந்தாலும் இழுத்து வெச்சுக்குவார். அதனால வண்டி மேல படியுற உப்பு, பார்க்கக் காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரமாவே இருக்கும். நாம தூங்கினாலும் துரு தூங்காது.

நாலு போல்ட், ஒரு டீக்கடை

சீனியர் தொடர்ந்து மூணு வாரக் கடைசி இங்கே வந்திருக்கார். வண்டியைக் கழுவவே இல்லை. முதல் தடவை வந்தப்பவே டீக்கடைப் பந்தல்ல நாலு போல்ட்டைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டிருந்தார். நான் ஒட்டிக்கிட்டுப் போனது மூணாவது ட்ரிப். ரிசல்ட் நாள்!

சாதா இரும்பு... அதிரசம் கலர். துத்தநாக முலாம் பூசினது... ஓரத்துல வெள்ளை மாவு. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்... ரெண்டு மூணு பழுப்புப் புள்ளி. கிரீஸ் தடவின சாதா இரும்பு... துடைச்சா புதுசு!

"அப்போ எல்லாத்தையும் ஸ்டெய்ன்லெஸ்ஸா மாத்திடலாமே?"

"அங்கேதான் ஆப்பு! இன்ஜின் கேஸ் அலுமினியம். அதுல ஸ்டெய்ன்லெஸ் போல்ட் போட்டு நடுவுல உப்புத்தண்ணியும் இறங்கினா, பேட்டரி மாதிரி வேலை செய்யும். போல்ட் பளபளனு இருக்கும், அலுமினியம் அரிச்சுப்போகும். எந்த போல்ட்டா இருந்தாலும் கிரீஸ்தான் சாமி."

அடுத்து வண்டி. செயின் கிண்ணுனு இருந்தது. சிடி 100-க்கு செயினை முழுசா மூடுற கவர் உண்டு. நாம கிண்டலடிக்கிற அந்த 'அங்கிள்' கவர்தான் காப்பாத்தியிருக்கு. ஆனா, ஹாரன் அடிக்கவே இல்லை. கழட்டிப் பார்த்தா, ஒயர் இணைப்புல இருந்த செம்பு முழுக்கப் பச்சை பூத்திருக்கு. இங்கே ஹாரன், அங்கே இதே பச்சை இக்னிஷன் ஒயர்ல பூத்திருந்தா? பாலைவனத்துல நடுராத்திரி வண்டியைத் தள்ள வேண்டியதுதான். சீனியர் அங்கேயே முடிவு பண்ணிட்டார். முழு ஒயரிங்கும் மாத்தின பிறகுதான் கப்பல். தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

நல்ல தண்ணி

பக்கத்துப் பாத்தியில உப்பு வாரிக்கிட்டிருந்த பெரியவர் இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டிருந்தார். அவர் கையில இருந்தது மரப்பலகை.

"இரும்பு இங்க எத்தினி நாளு தாங்கும் தம்பி? அதான் மரம். என் டிவிஎஸ் ஃபிஃப்டியை சாயங்காலம் நல்ல தண்ணியில ஒரு தொடை, வாரம் ஒரு தபா எண்ணெய். அவ்ளோதான்."

"தினமும் கழுவுவீங்களா ஐயா?"

"கழுவறதா? இங்க குடிக்கவே கேன்ல தூக்கினு வரோம். ஈரத் துணிதான்."

அவர் காலைப் பார்த்தேன். உப்பு அரிச்ச வெடிப்புகள். வண்டிக்கு கிரீஸ் இருக்கு, பாதத்துக்கு? மழைக்காலம் வந்தா உப்பளத்துல வேலையும் இல்லை. மூணு வாரத்துல இரும்புக்கு ஆனதைக் கணக்கெடுக்க வந்த எங்களுக்கு, வருஷக்கணக்கா இதே உப்புல நிக்கிற மனுஷனோட கணக்கு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. பைக்கைக் கழுவ சீனியர் எடுத்து வந்த அஞ்சு லிட்டர் கேன், பேசாம அவர் கைக்குப் போச்சு. வண்டிக்கு ஈரத் துணி!

நோட் பண்ணிக்கோங்க மக்களே!

* 'கார்னே'ங்கிறது வண்டிக்கு பாஸ்போர்ட் மாதிரி. வெளிநாட்டுல வித்துடாம திருப்பிக் கொண்டுவருவோம்னு கொடுக்குற உறுதி. கட்டவேண்டிய பிணைத்தொகை வண்டியோட மதிப்பைப் பொறுத்தது. பழைய சின்ன வண்டிக்கு இது பெரிய லாபம்.

* இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயே கிடைக்கும். ஒரு வருஷம் செல்லும்.

* கப்பல்ல ஏத்தும்போது பெட்ரோலை வடிக்கச் சொல்வாங்க. காலி டேங்க் உள்ளுக்குள்ள வேர்த்துத் துருப்பிடிக்கும். கொஞ்சம் ஆயில் விட்டு நல்லா குலுக்குங்க.

* புது கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்களைப் பழசு பக்கத்துலயே இப்பவே கட்டிவெச்சிடுங்க. அறுந்தா முனையை மாத்தினா போதும்.

* ஸ்போக்ஸ், டியூப், பிளக், ஃபியூஸ், செயின் லாக்... எல்லாம் ஸ்பேர் கட்டாயம். ஒயர் இணைப்புகளுக்கு வாசலின்.

* உங்க ஊர்ப் பக்கம் உப்பளம் இருந்தா, கிளம்பறதுக்கு முன்னாடி வண்டியைக் கூட்டிட்டுப் போங்க. கூடவே ஒரு கேன் நல்ல தண்ணியும். வண்டிக்கு இல்ல பாஸ்!