வெள்ளை மை தடவின மூக்கு

பி.காம். படிக்கிறவனுக்கும் கார்ட்டூனுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? தேய்மானக் கணக்கு போட்டுப் போட்டே தேஞ்சு போறோம், ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா மக்களே :-)

தொடர்கதையைக் கிழிச்சு பைண்டு பண்ணி வைக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு. எங்க ஆச்சிகிட்ட 1957-58ல ஆனந்த விகடன்ல வந்த 'தில்லானா மோகனாம்பாள்' பைண்டு இருக்கு. அதுல கதையைவிட நான் அதிகமா பார்த்தது கோபுலு படங்களைத்தான். ஆனா அதெல்லாம் அச்சு. ஒரிஜினல் வேற சமாச்சாரம்.

அந்தக் காலத்துல ஓவியர் அச்சுல வர்றதைவிடப் பெருசா வரைவார். அதைப் போட்டோ பிடிச்சு, சின்னதாக்கி, துத்தநாகத் தகட்டுல பிளாக் எடுப்பாங்க. பிளாக் வந்துட்டா வரைஞ்ச அட்டைக்கு வேலை முடிஞ்சுது. அப்படித் தப்பிச்ச ஒண்ணு போன வருஷம் நம்மூர் பழைய பேப்பர் கடையில கிடைச்சது. விலை நாப்பது ரூபா. பத்திரிகை பேர் இல்ல, கையெழுத்தும் புரியல. புருஷன் பொண்டாட்டி ஜோக்குதான். ஆனா அந்தம்மா மூக்கை மூணு தடவை மாத்தியிருக்கார்! வெள்ளை மை தடவி, மேல மறுபடி கோடு. புருஷன் கைக்கு அடியில பென்சில்ல இன்னொரு கை. ஒரு மனுஷன் யோசிச்ச தடம் அது. அச்சுல இதெல்லாம் தெரியவே தெரியாது.

நம்ம எட்டயபுரத்து பாரதி 1906லயே 'இந்தியா' பத்திரிகையில கார்ட்டூன் போட்டவர். அந்தப் படங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994ல புத்தகமா வந்திருக்கு. அதுவும் மிஞ்சின இதழ்கள்ல இருந்து எடுத்ததுதான்.

கார்ட்டூனுக்கு என்ன மதிப்புன்னு காமர்ஸ்காரன் கேக்கணும்ல? 1987ல அட்டைப்பட ஜோக்குக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டசபை மூணு மாச ஜெயில் போட்டுது. எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே விட்டாங்க. அப்புறம் ஐகோர்ட் அவருக்கு 1000 ரூபா நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிச்சு. மூணு மாசத்துக்கு எதிரா ஆயிரம். ஐந்தொகை இடிக்குதே!

இப்போ நிறைய பேர் கம்ப்யூட்டர்லயே வரையறாங்க. தப்பு சொல்லல. ஆனா அழிச்ச மூக்கு எங்கேயும் மிஞ்சாது.

என் பிரச்சினை வேற. கடல் காத்துல அட்டை ஓரம் பழுக்க ஆரம்பிச்சிருக்கு. கடைக்காரர் லேமினேஷன் பண்ணச் சொன்னார், மாட்டேன்னுட்டேன். பண்ணிட்டா பிரிக்கவே முடியாது. வெயில் படாத பீரோவுல, ரெண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவுல வச்சிருக்கேன். வாரம் ஒருக்கா எடுத்துப் பார்ப்பேன். ஆச்சி பார்த்துட்டு, "மொத மூக்கே நல்லாத்தானல இருந்துச்சு" ன்னாங்க.