தொடாமல் திரும்பிய துகள்

பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த காலம் முழுவதும் ஒரு பாடத்தைத் தவறாகவே நடத்தினேன். பாதிக் காலம் தெரியாமல், மீதிக் காலம் தெரிந்தே. தெரியாமல் செய்ததற்கு என்னை மன்னித்துக்கொள்ள முடிகிறது. தெரிந்தே செய்ததை எழுதிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

அந்தப் பாடம் ரூதர்ஃபோர்டின் ஆல்பா சிதறல். மெல்லிய பொன் தகட்டின் மேல் ஆல்பா துகள்களைப் பாய்ச்சினார்கள். பெரும்பாலானவை நேரே சென்றன, சில விலகின, மிகச் சில வந்த பக்கமே திரும்பின. ஏன் திரும்பின? "கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கர் ஒரு கனமான காய்மேல நேரா பட்டா என்ன ஆகும்? திரும்பி வரும். அதேதான் இது" என்பேன். அணுவின் நடுவில் கெட்டியான ஒரு குண்டு இருக்கிறது, அதில் இடித்தது திரும்புகிறது, இடிக்காதது நேரே போகிறது. வகுப்பு முழுவதும் தலையாட்டும். அதைப் புரிதல் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

பொன் அணுக்கருவில் அந்தத் துகள் இடிப்பதே இல்லை.

பொன் அணுக்கருவில் 79 புரோட்டான்கள், ஆல்பா துகளில் இரண்டு. இரண்டு பக்கமும் நேர்மின்னூட்டம் என்பதால் நெருங்க நெருங்க விலக்கு விசை ஏறிக்கொண்டே போகும். அந்தக் காலச் சோதனைகளில் பயன்பட்ட வேகமான ஆல்பா துகள்களின் ஆற்றல் சுமார் 7.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அப்படி ஒன்று அணுக்கருவின் மையத்தைக் குறிவைத்தே பாய்ந்தாலும், 30 ஃபெர்மி தூரத்தில் அதன் இயக்க ஆற்றல் முழுவதும் தீர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் ஃபெர்மி. துகள் அங்கே ஒரு கணம் நிற்கும், பிறகு வந்த வழியே தள்ளப்படும். பொன் அணுக்கருவின் ஆரமோ சுமார் 7 ஃபெர்மி. ஆல்பா துகளின் பருமனைக் கழித்தாலும் நடுவில் இருபது ஃபெர்மிக்கு மேல் வெற்றிடம் மிஞ்சுகிறது.

நேர்க்கோட்டில் வராமல் சற்றுத் தள்ளி வரும் துகளுக்கும் இதே விசைதான். மையத்துக்கு 15 ஃபெர்மி பக்கவாட்டில் குறிவைத்து வந்தால் 90 டிகிரி திரும்பும். 150 ஃபெர்மி தள்ளி வந்தால் சுமார் 11 டிகிரி, 1,500 ஃபெர்மி தள்ளி வந்தால் ஒரு டிகிரிக்குச் சற்றுக் கூடுதல். அணுவின் ஆரமே லட்சத்துக்கு மேற்பட்ட ஃபெர்மி. அதனால் அநேகத் துகள்கள் எங்கோ தொலைவில் கடந்து போகின்றன, விலகியதே தெரிவதில்லை. இடித்தது, இடிக்காதது என்று இதில் இரண்டு வகை கிடையாது. எல்லாத் துகள்களும் விலகுகின்றன, எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு.

நான் சொன்ன கேரம் போர்டு உவமையை அந்தச் சோதனையே பொய்யாக்கிவிட்டது என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. கெட்டிக் குண்டில் பட்டுச் சிதறும் துகள்கள் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதற வேண்டும் என்கிறது கணிதம். மான்செஸ்டரில் ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, துத்தநாக சல்ஃபைடு திரையில் துகள் படும்போது தெறிக்கும் ஒளிப்பொட்டுகளை நுண்ணோக்கி வழியாக ஒவ்வொன்றாக எண்ணினார்கள். 1913இல் வெளியிட்ட ஆய்வுக்காக அவர்கள் எண்ணியவை ஒரு லட்சத்துக்கும் மேல். 150 டிகிரியில் வருவதைவிட 15 டிகிரியில் சுமார் 3,000 மடங்கு வர வேண்டும் என்றது ரூதர்ஃபோர்டின் சூத்திரம். எண்ணிக்கையும் அதை ஒட்டியே வந்தது. தகட்டின் தடிமன் கூடினால் அதே விகிதத்தில் சிதறலும் கூடியது, துகளின் வேகம் குறைந்தால் அதன் நான்காம் மடிக்கேற்ப ஏறியது. தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதமாக மாறும் மின்விசை ஒன்று, ஒரே புள்ளியிலிருந்து, அவ்வளவு நெருக்கம் வரை மாறாமல் செயல்படுகிறது என்று காட்டியவை இந்த எண்கள். கண் எரிய எரிய அவர்கள் எண்ணிக் கண்டுபிடித்ததை நான் ஒரு விளையாட்டுப் பலகையால் மறைத்தேன்.

அரையாண்டுத் தேர்வு ஒன்றில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: ஆல்பா துகள் அணுக்கருவைத் தொடுவதில்லை, தொடுவதற்கு முன்பே நின்று திரும்புகிறது. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து கேட்டாள். "சார், நீங்க குடுத்த கணக்குலதான் அந்தத் தூரம் வந்துச்சு. அணுக்கரு அதைவிடச் சின்னதுதானே?" நான் கணக்கைப் பார்க்கவில்லை. "பப்ளிக்ல இப்படி எழுதினா மார்க் போயிடும்மா" என்று அனுப்பிவிட்டேன்.

அந்தக் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் நான்தான் கொடுத்துவந்தேன். இயக்க ஆற்றலை மின்னிலை ஆற்றலோடு சமன்செய்து, துகள் எவ்வளவு நெருங்கும் என்று கண்டுபிடிக்கும் கணக்கு. விடையைப் போட்டு முடித்ததும் "இதுதான் அணுக்கருவின் ஆரம்" என்று கரும்பலகையில் எழுதுவேன். ஆரம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும் என்பது மட்டுமே அதிலிருந்து கிடைக்கும். அவள் போன சில நாளில், யாரும் இல்லாத நேரத்தில், அதே கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

பொதுத்தேர்வுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. தினமும் அவள் என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லவில்லை. ஊரில் பிசிக்ஸ் என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள், காலையும் மாலையும் வீட்டில் டியூஷன் நடக்கும். "சாருக்கே தெரியலையாம்" என்ற பேச்சு வந்துவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தைவிடவும் மோசமானது ஒன்று உண்டு: நாள் ஆக ஆக, சொல்லாமல் இருப்பது சுலபமாகிவிட்டது. அடுத்த ஆண்டு மறுபடியும் கேரம் போர்டு. அதற்கடுத்த ஆண்டும் அதேதான். இனி அது தெரிந்தே சொன்ன பொய்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் அந்தப் பாடத்தில் மற்ற எதையும் நான் ஆராய்ந்து பார்க்கவில்லை. "பெரும்பாலானவை நேரே சென்றன, ஆகவே அணுவில் பெரும்பகுதி வெற்றிடம்" என்று நோட்ஸில் எழுதவைத்தேன். ரூதர்ஃபோர்டுக்கு முன்பிருந்த தாம்சனின் மாதிரியிலும் துகள்கள் நேரேதான் போகும். அதில் நேர்மின்னூட்டம் அணு முழுவதும் பரவிக்கிடக்கிறது. ஓர் அணு ஒரு துகளை ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கே திருப்ப முடியும். எலக்ட்ரானோ ஆல்பா துகளைவிட 7,000 மடங்குக்கும் மேல் இலேசானது, அதனால் ஒன்றும் ஆகாது. தகட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணு அடுக்குகளைக் கடந்து சிறுசிறு விலகல்கள் இங்குமங்குமாகச் சேர்ந்தாலும் மொத்தம் ஒரு டிகிரியை ஒட்டித்தான் வரும். நேரே போன துகள்களை வைத்துத் தாம்சனை மறுக்க முடியாது. அவரை வீழ்த்தியது 1909இல் கைகரும் மார்ஸ்டனும் கண்ட அந்தச் சிலதான்: பிளாட்டினத் தகட்டில் பட்டவற்றில் சுமார் 8,000க்கு ஒன்று திரும்பி வந்தது. சின்ன விலகல்கள் கூடிக்கூடி அப்படித் திரும்ப வேண்டுமானால் அதற்கான வாய்ப்பை எழுத ஆயிரக்கணக்கான பூஜ்யங்கள் வேண்டும். ஒரே அணுவில், ஒரே சந்திப்பில், பெரிய விசை ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. மையத்தில் இருப்பது நேர்மின்னூட்டம் என்று இந்தச் சோதனை நிரூபித்ததாகவும் சொல்லிவந்தேன். சூத்திரத்தில் மின்னூட்டம் இருமடியாகத்தான் வருகிறது. விலக்கு விசையாக இல்லாமல் ஈர்ப்பு விசையாக இருந்தாலும், சூரியனைச் சுற்றித் திரும்பும் வால்நட்சத்திரத்தைப் போல் துகள் வளைந்து போகும், கோண வாரியான எண்ணிக்கை மாறாது. ரூதர்ஃபோர்டு 1911ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். குறி எது என்பதைத் தீர்மானிக்காமல், மைய மின்னூட்டம் என்று பொதுவாகவே பேசுகிறார். நோபல் பரிசு வாங்கி மூன்று ஆண்டுகள் ஆன மனிதர், தன் தரவு எதுவரை பேசும் என்பதை அச்சில் ஒப்புக்கொண்டார். பதினேழு வயதுப் பெண்ணிடம் நான் அதைச் செய்யவில்லை. 1909இல் மார்ஸ்டன் இருபது வயதுப் பட்டப்படிப்பு மாணவர். பெரிய கோணத்தில் ஏதாவது வருகிறதா பார் என்று அவரிடம் வேலையை ஒப்படைத்ததே ரூதர்ஃபோர்டுதான், வரும் என்ற எதிர்பார்ப்பு அவருக்கே இல்லாதபோது. மாணவர் கண்டதை ஆசிரியர் நம்பினார், அதனால் அணுவுக்குள் ஒரு கரு இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. என் மாணவி கண்டது என் மேசைக்கு வந்து, சிவப்புக் கோட்டோடு திரும்பிப் போனது.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தேன், தெரியவில்லை. என்னிடம் படித்த இன்னொருவன் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறான். போனில் பேசும்போது, "உங்க கேரம் போர்டைத்தான் சார் இன்னும் சொல்றேன், பசங்களுக்கு டக்குனு புரியுது" என்றான், அன்போடு. அன்றே எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மாணவியின் விடைத்தாள் உட்பட. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு ஆசிரியனாகவே கேட்டான்: "அப்ப இனிமே எப்படி சார் நடத்துறது?"

அந்தக் கணக்கை முதலில் போடச் சொல்லு என்றேன். 30 ஃபெர்மி வந்ததும், பக்கத்திலேயே 7 ஃபெர்மி என்று எழுது. எழுதிவிட்டு, துகள் அணுக்கருவைத் தொட்டதா என்று அவர்களையே கேள். யாராவது இல்லை என்றால் முழு மதிப்பெண் போடு.