உறையின் மேற்புறம்

சந்தேகத்துக்குரிய தபாலின் அடையாளங்கள் என்று ஒரு பட்டியல் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தேவைக்கு மேல் ஸ்டாம்பு. அனுப்புநர் முகவரி இல்லாமை. பெயரிலோ பதவியிலோ பிழை. கோணல் கையெழுத்து. மிதமிஞ்சிய கயிறு. எண்ணெய்க் கறை. வினோத வாசனை. தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவனுக்குச் சிரிப்புதான் வரும். திருநெல்வேலியிலிருந்து வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகும் அல்வாப் பொட்டலம் நெய்க் கறை இல்லாமல் எப்படிப் போகும்? கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு, கருப்பட்டி அடுக்கித் துணிபோட்டுத் தைத்த ஓலைப்பெட்டி, சுருட்டிக் கட்டிய பத்தமடைப் பாய், எல்லாமே இந்தப் பட்டியலின்படி குற்றவாளிகள். சிறுபத்திரிகைக்காரர்களும் தப்ப முடியாது. பழைய உறையைப் பிரித்துத் திருப்பி ஒட்டி, மிஞ்சிய சில்லறை ஸ்டாம்புகளை வரிசையாக ஒட்டி அனுப்புகிறவர்கள் நாம்.

பட்டியல் தவறென்று நான் சொல்லவில்லை. இயல்பு எதுவென்று பரிச்சயம் உள்ளவனுக்கே விலகல் கண்ணில் படும் என்பதைத்தான் அது சொல்லாமல் விடுகிறது. 1978 மே மாதம் சிகாகோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பார்சல் கிடந்தது. அனுப்புநராகக் குறித்திருந்தது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பக்லி கிரிஸ்டின் பெயர். சரி, திரும்பிவிட்டது போலிருக்கிறது என்று அவரிடமே சேர்த்தார்கள். அவர் பார்த்தார், இது நான் அனுப்பியதல்ல என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் முழு விஷயமும் இருக்கிறது. கறையும் கயிறும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் அடுத்து நடந்தது என்ன? வளாகக் காவலர் ஒருவரை அழைத்தார்கள், அவர் அதைத் திறந்தார், வெடித்தது. நல்லவேளை, கையில் காயத்தோடு போயிற்று. பின்னாளில் யுனபாம்பர் என்று அறியப்பட்டவனின் முதல் குண்டு அது. 17 வருஷங்களில் அவன் 3 பேரைக் கொன்று 23 பேரைக் காயப்படுத்தினான். சந்தேகப்படுகிறவர் ஒருவர், திறக்கிறவர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாடு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

2001 அக்டோபரில் வாஷிங்டனில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதம் செனட்டர் டாஷலின் அலுவலகத்தில் 15ஆம் தேதி பிரிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களுக்கு அன்றைக்கே மருந்து கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தைப் பிரித்தனுப்பிய பிரெண்ட்வுட் தபால் நிலையமோ 21ஆம் தேதி வரை இயங்கிக்கொண்டிருந்தது. ஒட்டிய உறைதானே, என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. இயந்திரம் நசுக்குகிறபோது காகிதத்தின் துளைகள் வழியே தூள் கசியும் என்று யாரும் யோசிக்கவில்லை. அங்கே வேலைபார்த்த இரண்டு தபால்காரர்கள் இறந்துபோனார்கள்.

அந்த மாதங்களில் இந்தியாவிலும் வெள்ளைத்தூள் பீதி பரவியது. பாளையங்கோட்டையில் நான் வேலைபார்த்த கல்லூரிக்கும் வந்தது. எங்கள் தபால் குமாஸ்தாவை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பையைக் கவிழ்த்ததும் அவர் உடனே அடுக்க மாட்டார். முத்திரை, கை, மசி, எடை என்று மேற்புறத்தையே நிதானமாகப் பார்ப்பார். ஓலைப்பெட்டியின் தையலை வைத்து எந்த ஊர்ப் பையனுக்கு என்று சொல்லிவிடுவார். எங்கள் இலக்கிய ஆசிரியர்களில் ஒரு பிரதியை இவ்வளவு அக்கறையாக வாசித்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

அன்று ஒரு உறையின் மூலையிலிருந்து வெள்ளையாகத் தூள் சிந்தியது. அலுவலகம் எழுந்து நின்றது. மேலிடத்து உத்தரவு உடனே வந்தது: தற்காலிகமாக வேலைக்கிருந்த அட்டெண்டர் பையன் அதை மைதானத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்க வேண்டும். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "சார்வாள், இது திருச்செந்தூர் முத்திரை. கையும் தெரிஞ்ச கைதான், ரெண்டாம் வருசத்துப் பையனோட அப்பா. விபூதியாத்தான் இருக்கும். அதுக்காவ இந்தப் பயல வச்சுப் பிரிக்கச் சொல்லாதீய" என்றார். உறையை இருந்த இடத்திலேயே விட்டார். மின்விசிறியை நிறுத்தினார். எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தினார். குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவவைத்தார். அறையில் யார் யார் இருந்தோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். சாயங்காலம் போலீஸ் வந்து எடுத்துப்போனது. பன்னீர் இலை விபூதிதான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிந்தும் அவர் பிரிக்கவில்லை, முகர்ந்தும் பார்க்கவில்லை. தன் வாசிப்பு பொய்த்தால் போகப்போவது இன்னொருவன் கை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாசகனிடம் நான் எதிர்பார்க்கும் ஒழுக்கம் இதுதான், ஆனால் வாசகர்களிடம் அதைக் கண்டது குறைவு.

தபாலும் போலீசும் என்றால் எழுதுகிறவனுக்கு வேறொரு கூச்சமும் உண்டு. 1898ஆம் வருஷத்து இந்திய அஞ்சல் சட்டத்தில் வெடிபொருளைத் தபாலில் அனுப்பக்கூடாது என்று ஒரு பிரிவு. அடுத்தவர் கடிதத்தை அரசு இடைமறிக்கலாம் என்று இன்னொரு பிரிவு. திருநெல்வேலியில் படித்த பாரதி புதுச்சேரியிலிருந்து நடத்திய 'இந்தியா', பிரிட்டிஷ் எல்லைக்குள் வரவிடாமல் தடுக்கப்பட்டு 1910இல் நின்றுபோனது. 2024 ஜூனில் அமலுக்கு வந்த புதிய அஞ்சல் சட்டத்திலும் திறந்துபார்க்கும் அதிகாரம் இருக்கிறது. அண்ணாச்சியின் சந்தேகம் இந்த ஜாதியல்ல. அது மேற்புறத்தோடு நின்றுகொண்டது.

மேற்புறம் பேசாத பார்சலும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஒடிசாவின் பட்னாகரில் ஒரு புதுமணத் தம்பதிக்கு ராய்ப்பூரிலிருந்து கூரியரில் கல்யாணப் பரிசு வந்தது. நூலை இழுத்ததும் வெடித்தது. மணமகனும் வீட்டிலிருந்த ஒரு மூதாட்டியும் இறந்தார்கள். அனுப்பியவர் ஒரு கல்லூரி ஆங்கில ஆசிரியர். மணமகனின் தாயாரிடம் பிரின்ஸிபால் பதவியை இழந்தவர். விசாரணை திணறியபோது போலீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டார். கூரியர் சீட்டில் அனுப்புநர் பெயரைப் போலீஸ் தப்பாக வாசித்திருந்தது. கடிதம் வேறு பெயரைச் சொன்னது. அனுப்பியவனைத் தவிர யாருக்கு அது தெரியும்? கடிதத்தின் வாக்கிய நடையை அடையாளம் கண்டவர் அந்தத் தாயார். 2025 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. யுனபாம்பரும் இப்படித்தான் அகப்பட்டான். 1995இல் பத்திரிகையில் வெளியான அவன் கட்டுரையின் நடையைச் சொந்தத் தம்பியே கண்டுகொண்டான். நடை என்பது கைரேகை என்று நாம் பேசுவதெல்லாம் வெறும் உபசாரமில்லை போலும். ஆனால் இரண்டு இடத்திலும் அந்த வாசிப்பு சாவுக்குப் பிறகே வந்தது.

அண்ணாச்சி ஓய்வுபெற்றுப் பல வருஷங்களாகின்றன. இப்போது வளாகத்துக்கு வருவதில் பெரும்பகுதி கூரியர் டப்பாக்கள். அச்சடித்த சீட்டு, ஒரே மாதிரிப் பழுப்பு அட்டை. கையும் இல்லை, வாசிக்கும்படியான முத்திரையும் இல்லை. இன்றைக்கு யாருக்கு என்ன பார்சல் வரவேண்டியிருக்கிறது என்ற பட்டியல் ஒன்று வாசலில் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். "நான் கேட்டு வாங்கியதல்ல" என்று சொல்ல ஒருவருக்காவது வாய்ப்பிருக்கும். கூடவே சந்தேகப் பொருளை யாரும் தொடாமல் விட ஒரு தனியிடம், பிரித்துப் பார் என்று கடைநிலை ஊழியரிடம் யாரும் சொல்லக்கூடாது என்று எழுத்தில் ஒரு விதி. சென்ற மாதம் ஒரு வேலையாக அங்கே போயிருந்தேன். வாசல் காவலாளி ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள், ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு மேஜை கிடையாது. பார்சல்களை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, மேலே உள்ளதைத் தாங்கலாகக் கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.